குணமானவர்களை மீண்டும் அழைத்த மருத்துவர்

(ஆலயக் கல்வி உதவி நிதி வழங்கும் விழாவில், நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதனையாளர் ஒருவரைப் பற்றி மாணவர்களுக்கு இருபது நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். விஞ்ஞானியா, விளையாட்டு வீரரா, தொழிலதிபரா என்று பல நாள் யோசித்தேன். கடைசியில் என் வீட்டுச் சமையலறை மேசையிலேயே விடை கிடைத்தது.

என் துணைவியார் நாள்தோறும் விடியற்காலையில் பல் துலக்கியதும் ஒரு சிறிய வெள்ளை மாத்திரையைத் தண்ணீருடன் விழுங்குவார். அரை மணி நேரம் கழித்துத்தான் காப்பி. சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்து, கழலையோடு தைராய்டு சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவருடைய பெயரைச் சொல்லச் சொன்னார்கள். குரல் நரம்புக்கு ஊறு நேரவில்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் அப்படிக் கேட்டார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அறுவை செய்த மருத்துவரிடம், "இந்த வேலையை முதலில் கற்றுக்கொடுத்தவர் யார், டாக்டர்?" என்று கேட்டேன். பழைய வாத்தியாருக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது அல்லவா? அவர் சிரித்துக்கொண்டே, "சுவிட்சர்லாந்தில் கோக்கர் என்று ஒருவர் இருந்தார், சார்" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கோக்கரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவர் பெற்ற வெற்றிகள் பல. ஆனால் என்னை மிகவும் பாதித்தது அவர் கண்டுபிடித்த ஒரு தோல்வி. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கழுத்தில் ஒரு சுரப்பி

மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல ஒரு சுரப்பி இருக்கிறது. அதுவே தைராய்டு. தான் சுரப்பதைக் குழாய் எதுவும் இல்லாமல் நேராக இரத்தத்தில் கலந்துவிடுவதால் இதை நாளமில்லாச் சுரப்பிகளில் ஒன்று என்கிறோம். உடலின் சூடு, சுறுசுறுப்பு, பிள்ளைகளின் வளர்ச்சி, மூளையின் வளர்ச்சி எல்லாம் இதன் கையில் இருக்கின்றன.

இந்தச் சுரப்பி வேலை செய்ய அயோடின் என்னும் சத்து வேண்டும். கடலோரத்து மண்ணிலும் மீனிலும் அது கிடைக்கும். கடலிலிருந்து தொலைவிலுள்ள மலைநாடுகளில் குறைவு. அயோடின் போதாதபோது சுரப்பி வீங்கிக் கழலையாகிறது. நம் நாட்டிலேயே சரவாக்கின் உட்பகுதிகளில் இந்தக் கழலை ஒரு காலத்தில் மிகுதியாக இருந்தது. ஆல்ப்ஸ் மலை சூழ்ந்த சுவிட்சர்லாந்திலோ ஊருக்கு ஊர் இருந்தது. சிலருக்குத் தேங்காய் அளவுக்குப் பெருத்து மூச்சுக்குழாயை நெருக்கியது. கருவிலேயே இந்தக் குறைபாட்டுக்கு ஆளான பிள்ளைகள் குள்ளமாகவும், காது கேளாமலும், அறிவு வளர்ச்சி குன்றியும் பிறந்தார்கள்.

அப்படிப்பட்ட நாட்டில், பெர்ன் நகரத்தில், 1841ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் பிறந்தவர் எமில் தியோடர் கோக்கர். அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் படித்து 1865இல் பட்டம் பெற்றார். பெர்லினில் லாங்கன்பெக், வியன்னாவில் பில்ரோத் போன்ற அக்காலத்து மேதைகளின் அறுவைக் கூடங்களுக்குச் சென்று பார்த்துக் கற்றுக்கொண்டார். 1872இல், முப்பது வயது நிறைந்த கையோடு, பெர்ன் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியர் ஆனார். பிற்காலத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அழைத்தும் போகவில்லை. 1917இல் கண் மூடும் வரை, 45 ஆண்டுகள், அதே ஊரில் அதே நாற்காலி.

அவர் காலத்தில் கழலை அறுவை என்றாலே மருத்துவர்கள் நடுங்கினார்கள். கழுத்தின் அந்தச் சிறிய இடத்தில் இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. குரலுக்கான நரம்பு சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. பின்புறத்தில் பாராதைராய்டு என்னும் நான்கு சிறிய சுரப்பிகள் அரிசி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கத்தி வைத்தால் இரத்தம் பீறிடும். தப்பினால் சீழ் பிடிக்கும். பில்ரோத் போன்ற பெரிய கைகளிடம்கூடத் தொடக்க காலத்தில் பத்துப் பேரில் நால்வர் இறந்தார்கள். அவரே சில ஆண்டுகள் அந்த அறுவையை விட்டுவிட்டார்.

கோக்கர் விடவில்லை. கிருமிகளைத் தடுக்கும் லிஸ்டரின் முறையை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டார். அக்காலத்தில் விரைவாக அறுப்பவரே கெட்டிக்காரர் என்று பெயர். இவரோ நிதானமாக அறுத்தார். ஒவ்வோர் இரத்தக் குழாயையும் முதலில் இடுக்கியால் பிடித்துக் கட்டிவிட்டுத்தான் வெட்டுவார். அவர் வடிவமைத்த பல்லுள்ள இடுக்கியை இன்றும் உலகெங்கும் 'கோக்கர்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். தொடக்கத்தில் சுமார் 13 விழுக்காடாக இருந்த இறப்பு, 1912 வாக்கில், 5,000க்கும் மேற்பட்ட கழலை அறுவைகளைச் செய்து முடித்தபோது, அரை விழுக்காடு அளவுக்கு இறங்கியது. ஆயிரம் பேரில் ஐந்து பேர். இரத்தம் ஏற்றும் வசதி பரவலாகாத, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எதுவும் இல்லாத காலத்தில்!

இத்துடன் நிறுத்தினால் நல்ல சாதனைக் கதைதான். எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் கதையின் மையம் இனிமேல்தான் வருகிறது.

ஒரு சிறுமி

1874ஆம் ஆண்டு ஜனவரியில் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கோக்கர் அறுவை செய்தார். தைராய்டு முழுவதையும் எடுத்துவிட்டார். கழலை மீண்டும் வளராமல் இருக்க அதுவே நல்லது என்பது அன்றைய எண்ணம். தைராய்டு எதற்காக இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் திட்டமாகத் தெரியாது. புண் நன்றாக ஆறியது. சிறுமி வீட்டுக்குப் போனாள். மருத்துவமனை ஏட்டில் அவள் பெயர் வெற்றிக் கணக்கில் ஏறியது.

பிறகு அந்தச் சிறுமியின் ஊர் மருத்துவர், அவளுடைய சுபாவமே மாறிவிட்டது, மந்தமாகிவிட்டாள் என்று கோக்கருக்குத் தெரிவித்தார். ஆனால் அவளை மீண்டும் பரிசோதிக்கும் வாய்ப்பு உடனே அமையவில்லை. ஆண்டுகள் ஓடின. அறுவைகள் பெருகின. பேரும் புகழும் பெருகின.

1882 செப்டம்பரில் ஜெனீவா நகரத்து அறுவை மருத்துவர் ஜாக் லூயி ரெவெர்தென், தாம் தைராய்டை முழுமையாக எடுத்த நோயாளிகள் சிலர் விநோதமாக மாறிவருகிறார்கள் என்று வெளியிட்டார். முகம் வீங்குகிறது, தோல் வறள்கிறது, கை கால் சில்லிடுகிறது, அறிவு மங்குகிறது என்றார். கோக்கரையும் சந்தித்து இது பற்றிப் பேசினார். முதலில் சொன்ன பெருமை ரெவெர்தெனுக்கே உரியது. கோக்கர் அதற்குரிய மதிப்பைத் தமக்குத் தரவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு இருந்தது. கோக்கரும் மனிதர்தான், அவரைக் குறையே இல்லாதவராக நான் காட்ட விரும்பவில்லை.

ஆனால் கோக்கர் அடுத்துச் செய்ததை எண்ணிப் பாருங்கள். தாம் கழலை அறுவை செய்த பழைய நோயாளிகளைத் தேடி, பெர்ன் மருத்துவமனைக்கு வந்து தம்மிடம் காட்டுமாறு அழைத்தார். வலி என்று வந்தவர்களை அல்ல. குணமாகிவிட்டார்கள் என்று தாமே எழுதி அனுப்பியவர்களை!

வந்தார்கள். சுரப்பியில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கப்பட்டவர்கள் நலமாக இருந்தார்கள். சுரப்பி முழுவதையும் இழந்து மீண்டும் வந்தவர்கள் 18 பேர். அவர்களில் 16 பேர் நலிந்துபோயிருந்தார்கள். அந்தச் சிறுமியும் வந்தாள். அறுவைக்கு முன் அவளுக்கும் அவள் தங்கைக்கும் வேற்றுமை காண்பது கடினமாக இருந்ததாம். ஒன்பது ஆண்டுகளில் தங்கை அழகிய இளம்பெண்ணாக வளர்ந்திருந்தாள். அக்காளோ வளர்ச்சி நின்று, முகம் உப்பி, அறிவு மந்தித்து நின்றாள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எடுத்த படம் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

அன்பர்களே, அந்தப் படத்துக்கு முன்னால் அந்தப் பேராசிரியர் நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் கை நடுங்கியதால் நேர்ந்த கேடு அல்ல இது. அவர் கவனக்குறைவும் அல்ல. அவர் வேலை மிகச் சுத்தமாக இருந்ததே கேடாக முடிந்தது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1920இல் கழலை அறுவையின் வரலாற்றை எழுதியபோது இதை அழகாக விளக்கினார். பில்ரோத்தின் நோயாளிகளுக்கு இந்த நலிவு அதிகம் வரவில்லை. கை கால் இழுப்புத்தான் வந்தது. கோக்கரின் நோயாளிகளுக்கு இழுப்பு வரவில்லை, நலிவு வந்தது. ஏன்? பில்ரோத் வேகக்காரர். அவர் சுரப்பியில் துணுக்குகளை விட்டுவைத்துவிடுவார். பின்புறத்துப் பாராதைராய்டுகளைச் சேதப்படுத்திவிடுவார். கோக்கர் பொறுமைக்காரர். சுற்றியுள்ள எதையும் தொடாமல், சுரப்பியில் ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல் எடுத்துவிடுவார். வேலையில் திறமை கூடக் கூட, நோயாளிக்கு இழப்பும் கூடியது.

மறைக்காமல் சொன்ன பேராசிரியர்

1883ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெர்லினில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாநாடு நடந்தது. அந்தத் துறையின் பெரிய தலைகளெல்லாம் கூடியிருந்த அவையில் கோக்கர் எழுந்து, தாம் கண்டதை அப்படியே வெளியிட்டார். அந்த நலிவுக்கு, கழலை நீக்கத்தால் வந்த நலிவு என்ற பொருளில் ஒரு பெயரும் சூட்டினார். புற்றுநோய் போன்ற தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் இனித் தைராய்டு முழுவதையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். இழந்த சுரப்பியை ஈடுசெய்யும் முயற்சியாக, அதே 1883இல் மனிதத் தைராய்டுத் திசுவை நோயாளி ஒருவரின் உடலில் பதித்துப் பார்த்தார். உறுப்பு மாற்று மருத்துவத்தின் வரலாறு எழுதுவோர் அதை முதல் முயற்சிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோக்கர் சொன்ன விவரங்கள் சரி. அவற்றுக்கு அவர் முதலில் கூறிய காரணம் தவறு. அறுவையால் மூச்சுக்குழாய் பாதிக்கப்பட்டு உடலுக்குக் காற்றுப் போதாமல் இந்த நலிவு வருகிறது என்று அவர் கருதினார். இலண்டனில் இருந்த ஃபெலிக்ஸ் செமன் என்ற மருத்துவர்தான் அதே ஆண்டு வேறொரு கருத்தை முன்வைத்தார். இங்கிலாந்தில் 1870களில் கல்லும் ஓர்டும் விவரித்திருந்த, பெரியவர்களுக்கு வரும் ஒருவகை வீக்க நோய், மலைநாட்டுப் பிள்ளைகளின் பிறவிக் குறைபாடு, கோக்கர் கண்ட நலிவு ஆகிய மூன்றும் தைராய்டு சுரப்பி இல்லாமையால் வருவனவே என்றார். பலர் ஏற்கவில்லை. இலண்டனில் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தார்கள். 1888இல் வந்த அறிக்கை செமன் சொன்னதே சரி என்றது.

ஆக, கோக்கர் தம் தவற்றை மறைத்திருந்தால் செமனுக்கு இணைத்துப் பார்க்க ஒன்றும் கிடைத்திருக்காது. மாணவர்களே, நமக்கு விளக்கம் தெரியாவிட்டாலும், கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தால், விளக்கம் தெரிந்த ஒருவர் பின்னால் வருவார். ஆராய்ச்சி என்பது பாதிக்குமேல் இதுதான்.

மாத்திரையும் உப்பும்

அடுத்தடுத்து நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகரத்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை நோயாளிப் பெண் ஒருவருக்கு ஊசி வழி செலுத்தினார். அந்த அம்மையார் தேறி, இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளில் அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன என்று கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். 1895இல் ஜெர்மனியில் பௌமன் தைராய்டுக்குள் அயோடின் இருப்பதைக் கண்டார். 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் கெண்டல் அந்தச் சுரப்பு நீரின் சாரத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே தைராக்சின். 1927இல் இங்கிலாந்தில் ஹாரிங்டன் அதை ஆய்வுக்கூடத்தில் செய்தே காட்டினார்.

என் துணைவியார் விடியற்காலையில் விழுங்கும் வெள்ளை மாத்திரை அதுதான். கோக்கர் அஞ்சி விட்டுவிட்ட முழுச் சுரப்பி நீக்கத்தை இன்று மருத்துவர்கள் துணிந்து செய்ய முடிகிறதென்றால், எடுத்ததை ஈடுசெய்ய இந்த மாத்திரை இருப்பதால்தான்.

கோக்கர் மருத்துவமனைக்குள்ளேயே அடைந்து கிடக்கவும் இல்லை. பெர்ன் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்துகளை ஊர் ஊராகப் பரிசோதித்து, எந்த மண்ணில், எந்தத் தண்ணீர் குடிக்கும் ஊரில் கழலை மிகுதி என்று ஆராய்ந்து 1889இல் நூலாக வெளியிட்டார். அவர் மறைந்த பிறகு, 1918இல் பேயார்ட் என்ற கிராமத்து மருத்துவர் மலைக் கிராமமொன்றில் உப்பில் மிகச் சிறிதளவு அயோடின் கலந்து கொடுத்துப் பார்த்தார். 1922 முதல் அந்த உப்பு சுவிட்சர்லாந்தில் பரவத் தொடங்கியது. பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைகள் புதிதாகப் பிறப்பது ஏறத்தாழ நின்றேபோனது. பெரிய பேராசிரியரின் கத்தியால் தீர்க்க முடியாத ஒன்றைச் சமையலறை உப்பு தீர்த்துவைத்தது.

1909ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கோக்கருக்கு வழங்கப்பட்டது. தைராய்டு சுரப்பியின் இயக்கம், நோய், அறுவை ஆகியவை பற்றிய பணிக்காக என்று பரிசுக் குழு குறிப்பிட்டது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் அறுவை மருத்துவர் அவரே. பரிசுப் பணத்தைக் கொண்டு பெர்னில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடித்தளமிட்டார். 1913இல் இரஷ்யத் தலைவர் லெனினின் துணைவியார் குரூப்ஸ்காயா தைராய்டு நோயுற்றபோது, பெர்னுக்கு வந்து கோக்கரிடம்தான் அறுவை செய்துகொண்டார்.

எதைக் கொண்டு அளப்பது?

இன்று ஓர் ஆராய்ச்சியாளரின் பெருமையை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? எத்தனை கட்டுரை எழுதினார், எத்தனை பேர் அவற்றை எடுத்துக் காட்டினார்கள் என்று எண்ணுகிறார்கள். நம் பிள்ளைகளை எத்தனை ஏ என்று எண்ணுகிறோமே, அதே போலத்தான். எண்ணுவதில் பிழையில்லை. அப்படி எண்ணினாலும் கோக்கர் குறைந்தவர் அல்லர். அவருடைய அறுவை முறை நூல் 1892இல் வெளிவந்து, ஆறு பதிப்புகள் கண்டு, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. தோள் மூட்டு நழுவினால் பொருத்தும் முறை ஒன்றை இளம் வயதிலேயே வகுத்தார். வயிற்று அறுவையில் முன்சிறுகுடலைப் பெயர்த்துத் திருப்பும் முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. பிற்காலத்தில் மூளை அறுவையின் முன்னோடியாகப் புகழ்பெற்ற ஹார்வி குஷிங், 1900இல் பெர்னுக்கு வந்து அங்குள்ள ஆய்வுக்கூடத்தில்தான் மூளை அழுத்தம் பற்றிய ஆராய்ச்சியைச் செய்தார். ஹால்ஸ்டெட் பலமுறை வந்து அவருடன் பழகினார். கோக்கரின் மாணவர் டி கெர்வென் அவருக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்து, தைராய்டு ஆராய்ச்சியையும் தொடர்ந்தார்.

ஆனால் என்னைக் கேட்டால், கோக்கர் விட்டுச் சென்ற மிகப் பெரிய செல்வம் இடுக்கியும் அல்ல, நூலும் அல்ல. அறுவை முடிந்த அன்றோ, நோயாளி நடந்து வீட்டுக்குப் போன அன்றோ கணக்கு முடிவதில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்த பிறகே முடிகிறது என்ற பாடம்தான். இன்று என் துணைவியாருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கு அட்டை வருகிறதே, அந்த அட்டைக்குப் பின்னால் அந்தப் பாடம் இருக்கிறது.

என் கணக்கு

இப்போது என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்வதற்காகத்தான் இன்று மேடை ஏறினேன்.

1990களின் தொடக்கத்தில் நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு ஆசிரியர். என் வகுப்புத் தேர்ச்சி எப்போதும் உயர்ந்தே இருக்கும். ஒரு மாணவன், கணக்கில் புலி. லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து முதல் நிலையில் தேறினான். அவனை என் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் பல ஆண்டுகள் என் வீட்டுச் சுவரில் தொங்கியது. வருவோர் போவோரிடமெல்லாம், "இவன் என் மாணவன்" என்று காட்டுவேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, லாரி ஓட்டுநர் ஒருவர் தம் மகளுக்குக் கல்வி உதவி நிதி விண்ணப்பம் வாங்க ஆலய அலுவலகத்துக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் கைகூப்பி, "சார், என்னைத் தெரியுதா?" என்றார். அவரேதான். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: இடைநிலைப் பள்ளிக்குப் போய் இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டார். அப்பாவுக்கு மரம் விழுந்து கால் போய்விட்டது. பஸ் காசுக்கு வழியில்லை. அந்தப் பள்ளி என் வீட்டிலிருந்து நான்கே மைல். நான் ஒரு நாளும் போய்க் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. என் ஏட்டில் அவன் தேர்ச்சி பெற்றவன். அத்துடன் கணக்கு முடிந்தது.

அவர் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நீங்க ஒரு தடவை லயத்துப் பக்கம் வந்து கேட்டிருந்தா, அப்பா எப்படியாவது அனுப்பியிருப்பாரு சார். உங்க பேச்சை அவரு தட்டமாட்டாரு" என்றார். அதற்கு நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றுமில்லை. விண்ணப்பத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதையைச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்க சார், நாலு பேருக்கு உதவும்" என்றார்.

கோக்கரின் முன்னால் அக்காளும் தங்கையுமாக நின்ற படத்தைப் பற்றிப் படித்தபோது, என் வீட்டுச் சுவரில் தொங்கிய படம்தான் என் கண்முன் வந்தது. திறமையாக வேலை செய்தேன். மனமாரச் செய்தேன். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வேண்டுகோள்

நிர்வாகக் குழு நண்பர்களே, இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நானும் உங்களில் ஒருவன். நாம் ஆண்டுதோறும் காசோலை கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம், மலரில் போடுகிறோம். சென்ற ஆண்டு வாங்கிய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொடுத்த தொகை நமக்குத் தெரியும். அது என்ன செய்தது என்பது தெரியாது. நன்கொடை கொடுத்த புண்ணியவான்களுக்கு நாம் இரண்டையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆகவே ஒரு வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. இதுவரை உதவி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை அலுவலகத்திலிருந்து வாங்கி, ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதப்போகிறேன். கடிதம் திரும்பி வந்தால் வீட்டைத் தேடிப் போவேன். ஒரு பெரிய கணக்குப் புத்தகமும் வாங்கிவிட்டேன். ஒரு பக்கத்தில் பெயரும் கொடுத்த தொகையும் இருக்கும். மறுபக்கத்தில், அவர் இன்று எப்படி இருக்கிறார் என்பது எழுதப்படும். அந்த மறுபக்கம் நமக்குப் பெருமை தராமலும் போகலாம். அப்படியே இருந்தாலும் அடுத்த ஆண்டு இதே மேடையில் அதை மறைக்காமல் படிப்பேன்.

மாணவச் செல்வங்களே, இன்று நீங்கள் காசோலையோடு வீட்டுக்குப் போகும்போது, என்னிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களுக்கும் அடுத்த ஆண்டு என் கடிதம் வரும். அதற்குப் பதில் எழுதுங்கள். நல்ல செய்தியாக இருந்தால்தான் எழுத வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். மதிப்பெண் குறைந்திருந்தால் எழுதுங்கள். படிப்பை நிறுத்தும் எண்ணம் வந்தால் முதலில் எனக்கு எழுதுங்கள். பஸ் காசு இல்லை என்றாலும் எழுதுங்கள். பெர்ன் நகரத்துக்கு அன்று நலிந்த உடம்போடு மீண்டும் வந்து நின்றவர்களால்தான் உலகம் பாடம் கற்றது. நலமாக இருந்தவர்கள் மட்டும் வந்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.